மறுகா எப்ப வருவீங்க? படுவான்கரையில் ஓர் ஆட்டோ நூலகம்

மட்டக்களப்பில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பினால் படலை வரைக்கும் வந்து கேட்பார்கள்: "மறுகா எப்ப வருவீங்க?" மறுகா என்றால் இங்கே பிறகு, இனி அடுத்த தரம். பெரும்பாலும் அது மரியாதைக் கேள்விதான். படுவான்கரையின் உள்ளூர்களில் மட்டும் அதற்குள் கொஞ்சம் சந்தேகமும் கலந்திருக்கும். அங்கே வந்தவர்கள் நிறையப் பேர். பதாகை கட்டிப் படம் எடுத்தவர்களும் நிறையப் பேர். சொன்ன நாளில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

2022 தைப்பொங்கல் கழிந்த கையோடு, ஒரு பிரதேச சபை நூலகமும் எங்கள் வாசகர் வட்டமும் சேர்ந்து ஒரு முச்சக்கரவண்டியில் புத்தகம் கொண்டுபோகத் தொடங்கினோம். இரவல் கொப்பி எழுதியது நான். அதனால் சரியாகப் போனதை விடப் பிழைத்துப் போனதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சபையின் பெயரையும் ஊர்களின் பெயரையும் எழுதவில்லை. அங்கே இன்னும் அதே ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள், எனக்கும் அவர்களோடு இன்னும் வேலை இருக்கிறது.

கரையும் நேரமும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நகரம், பெரிய பாடசாலைகள், ஆஸ்பத்திரி, புத்தகக் கடைகள் எல்லாம் எழுவான்கரையில். வயல் வட்டைகளும் குளங்களும் மாட்டுப் பட்டிகளும் படுவான்கரையில். இடையில் வலையிறவுப் பாலம், பட்டிருப்புப் பாலம், 2014இல் திறந்த மண்முனைப் பாலம். மண்முனையில் அதற்கு முன் 'பாதை' ஓடியது. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. மண்டூர்ப் பக்கத்தார் குருமண்வெளிக்குப் பாதையில் போய் வந்தவர்கள்.

பாலம் வந்ததும் எல்லாம் கிட்ட வந்துவிட்டது என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட வந்தது உண்மை. அங்கிருந்து இன்னும் மேற்கே, கிறவல் றோட்டில் உள்ளே இருக்கும் ஊர்களுக்கு வந்தது பாதிதான். அங்கே பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

இலங்கையில் பொது நூலகங்களை உள்ளூராட்சி மன்றங்கள்தான் நடத்துகின்றன. கிராமப் பக்கத்தில் அது பிரதேச சபை. நூலகம் பெரும்பாலும் சபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், பெரிய சந்தியில் இருக்கும். நாங்கள் தெரிந்தெடுத்த ஊர்களில் மிகத் தூரமானது அங்கிருந்து 14 கிலோமீற்றர். சைக்கிளில் ஒரு மணித்தியாலம் மிதித்தால் வந்துவிடலாம். ஆனால் பாடசாலை முடிவது ஒன்றரைக்கு, சாப்பிட்டுக் கிளம்ப இரண்டரை, வந்துசேர மூன்றரை. திரும்புகிற வழியில் காடு ஓரத்தில் ஐந்து மணிக்குப் பிறகு யானை இறங்கும். ஆக ஒரு பிள்ளைக்கு நூலகத்துக்குள் கிடைப்பது அரை மணித்தியாலம். அதுவும் வீட்டில் விட்டால். பெண் பிள்ளை என்றால் விடமாட்டார்கள். தூரத்தைக் கிலோமீற்றரில் அளந்து "பத்துப் பதினைந்துதானே" என்று பேசுகிற அதிகாரிகளுக்கு இந்த நேரக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்கவே எங்களுக்கு ஒரு மாதம் போனது.

இன்னொரு தடையும் இருந்தது. இரவல் எடுக்க அங்கத்துவம் வேண்டும். அங்கத்துவத்துக்குப் பிணையாளி ஒருவரின் கையொப்பம் வேண்டும், அவர் அரசாங்க உத்தியோகத்தராக இருந்தால் நல்லது என்பது அந்த நூலகத்தின் வழக்கம். உள்ளூரில் மாதச் சம்பளக்காரர் என்றால் ஆசிரியர்கள்தான். அவர்களில் பலர் எழுவான்கரையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து போகிறவர்கள். தான் படிப்பிக்காத பிள்ளையின் தகப்பனுக்காகப் பிணை நிற்க யார் வருவார்?

ஏன் ஆட்டோ

நடமாடும் நூலகம் என்றதும் எல்லோர் மனதிலும் படம் வரைந்த பஸ் ஒன்று வருகிறது. எங்களிடமும் முதலில் அந்த ஆசை இருந்தது. விலையைக் கேட்டதும் போய்விட்டது. அப்புறம்தான் உலகத்தில் இந்தச் சேவை பஸ்ஸில் தொடங்கவே இல்லை என்று படித்தேன். தமிழ்நாட்டில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் 1931 ஒக்டோபரில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியை நூலகமாக்கினார். தொடக்கி வைத்தவர் நூலகவியலாளர் எஸ்.ஆர். இரங்கநாதன். கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற ஆசிரியர் இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகம் கட்டிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போனார். கழுதையும் மாடும் போதும் என்றால் ஆட்டோ தாராளம்.

எங்கள் வட்டத்தில் ஒருவரின் அண்ணன் ஆட்டோ ஓடுகிறவர். கிழமையில் ஒரு நாள் அரை விலைக்கு வருகிறேன் என்றார். அவரை அண்ணன் என்றே இங்கும் எழுதுகிறேன். பின் சீற்றைக் கழற்றிவிட்டு இரண்டு றங்குப்பெட்டிகளை ஏற்றினோம். ஒரு பெட்டியில் 60 புத்தகம் கொள்ளும். மூடியைத் திறந்து நிமிர்த்தினால் அதுவே தட்டு. கூரையில் ஒரு படங்கு, தேவைப்பட்டால் இழுத்துக் கட்ட. அவ்வளவுதான் நூலகம்.

லோன்காரர் என்று நினைத்து

முதல் மூன்று மாதம் நாங்கள் நிறுத்தியது பாடசாலை வாசலில், காலை பத்து மணிக்கு. அதிபர்களுக்குப் பிடித்தது, நூலகர் மிஸ்ஸுக்கும் பிடித்தது, படமும் நன்றாக வந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்தார்கள். கொப்பியைப் பார்த்தால் எல்லாம் அருமை. ஒரு குறைதான், கொப்பியில் இருந்த வயது எல்லாம் ஆறிலிருந்து பதினாறு வரை. பாடசாலைக்கு உள்ளேயே ஒரு சின்ன நூலக அறை இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் 14 கிலோமீற்றர் தூக்கிப் போயிருக்கிறோம். பாடசாலையை விட்டவர்கள், வீட்டில் இருக்கிற பெண்கள், வயற்காரர் ஒருவர்கூட இல்லை.

சரி, ஊருக்குள் போவோம் என்று ஒரு வியாழக்கிழமை வீட்டு ஒழுங்கைகளுக்குள் ஆட்டோவை விட்டோம். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. அடுப்பு எரிகிறது, பானையில் சோறு கொதிக்கிறது, ஆளைக் காணவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு ஆச்சி மட்டும் திண்ணையில் இருந்தார். "அவள் இல்லை தம்பி, வெள்ளிக்கிழமை கட்டுவாளாம்" என்றார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. கையில் கொப்பி, காதில் பேனை, கழுத்தில் அடையாள அட்டை. நுண்கடன் கம்பனி ஆள் என்று நினைத்து ஊரே பின்வளவால் போய்விட்டது.

இதைச் சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை. மட்டக்களப்பின் கிராமங்களில் கிழமைக் கடன் பெண்களை எப்படி நெரிக்கிறது என்பது தனிக் கதை. அந்த ஊர்களில் கொப்பியோடு வருகிற யாரும் நல்லதுக்கு வருவதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் மேரி டிற்கொம்ப் என்ற நூலகர் 1905இல் குதிரைவண்டியில் புத்தகம் அனுப்பியபோதும் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கிறது. வண்டிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்ததால் ஒரு விவசாயி அதைப் பிணவண்டி என்று நினைத்து, இங்கே நிற்க வேண்டாம் என்று கத்தினாராம். பிறகு சில்லுக்குச் சிவப்பு அடித்தார்கள். நாங்கள் அடையாள அட்டையைக் கழற்றினோம். கொப்பியைப் பெட்டிக்குள் வைத்தோம். ஆட்டோவின் முன்னால் பிள்ளைகளைக் கொண்டே கையால் 'புத்தகம்' என்று எழுதி ஒட்டினோம்.

அதை விடப் பெரிய மாற்றம், ஊரில் தாய் சேய் நலம் பார்க்கும் மருத்துவிச்சியான குடும்பநல மாதுவிடமிருந்து வந்தது. எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "ஏன் வீடு வீடாத் திரியிறீங்க? கிளினிக் அண்டைக்கு வாங்க, எல்லாரும் என்னட்டத்தானே வருவாங்க." ஊசி போடவும் பிள்ளையின் நிறை பார்க்கவும் மாதத்தில் ஒரு நாள் தாய்மார் அந்தச் சின்னக் கட்டடத்துக்கு வருவார்கள். காலை எட்டரைக்கு வந்தால் பதினொன்று வரை காத்திருப்பு. மடியில் பிள்ளை, பக்கத்தில் இன்னொன்று இழுத்துக்கொண்டு. அந்த இரண்டரை மணித்தியாலம்தான் ஊரிலேயே பெண்கள் வேலை செய்யாமல் உட்காருகிற நேரம்.

அடுத்த கிளினிக் நாளில் படப் புத்தகங்களை விரித்தோம். முதலில் பிள்ளைகள் எடுத்தன. பிள்ளைகளின் கையிலிருந்து தாய்மார் எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடும்போது ஒருவர் வந்து நாவல் இருக்கா என்று மெதுவாகக் கேட்டார். இருந்தது, நாலு. நாலும் போயின. அடுத்த மாதமும் வந்தோம், அதற்கடுத்த மாதமும் வந்தோம். மூன்றாம் முறைதான் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் திரும்பி வந்தன. இவர்கள் வருவார்கள் என்று தெரிந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பதிலும் பொருள் இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பாதவர்களைப் பற்றிக் குறை சொல்லும் நூலகர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் அவர்கள் கேட்பதில்லை.

கணக்கெடுப்பு

நூலகர் மிஸ்ஸைப் பற்றி இங்கே நியாயமாக எழுத வேண்டும். பிணையாளி இல்லாமல் இரவல் கொடுப்போம் என்று நாங்கள் கேட்டபோது அவர் மறுத்தார். வட்டத்துப் பொடியன்களுக்குக் கோபம், "இவர் புத்தகத்துக்குக் காவல் இருக்கிறார்" என்று பேசினார்கள். நானும் பேசினேன்.

பிறகு ஒரு நாள் அவர் நூற்சேர்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். சபைக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சேர்விலக்கம், விலை, வந்த திகதி. வருடம் முடிய கணக்கெடுப்புக் குழு வந்து ஒன்றொன்றாகச் சரிபார்க்கும். குறைந்தால் பொறுப்பாளர் விளக்கம் எழுத வேண்டும், விளக்கம் ஏற்கப்படாவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டும். மேசையும் கதிரையும் எப்படியோ புத்தகமும் அப்படியே. கதிரை வெளியே போகாது, புத்தகம் வெளியே போவதற்கென்றே இருப்பது என்ற வித்தியாசம் அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கு முன்பிருந்தவர் ஓய்வுபெறும்போது காணாமல் போன புத்தகங்களுக்காக அலைந்தது அவருக்குத் தெரியும். அவர் பயந்ததில் தப்பில்லை.

யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனமான இஃப்லாவும் 1994இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொது நூலகப் பிரகடனம், நூலகத்துக்கு வர முடியாதவர்களிடம் நூலகம் போகவேண்டும் என்கிறது. அந்த வாசகம் நூலக வாசலில் தொங்கினாலும், உள்ளே பதிவேடு வேறு கதை சொன்னால் பதிவேடுதான் வெல்லும்.

வழியைக் கண்டுபிடித்தவரும் மிஸ்தான். புத்தகங்களை இரண்டாகப் பிரித்தோம். முதுகில் சிவப்புத் துண்டு ஒட்டியது சபையினுடையது. அது ஆட்டோவில் வரும், இருந்து வாசிக்கலாம், அங்கத்தவர் என்றால் எடுத்துப் போகலாம். நீலத் துண்டு வாசகர் வட்டத்தினுடையது, அன்பளிப்பாக வந்ததும் நாங்கள் வாங்கியதும். அதற்குச் சேர்விலக்கம் இல்லை, பிணையும் இல்லை. ஒரு சீஆர் கொப்பியில் பெயர், ஊர், புத்தகம், திகதி, அவ்வளவுதான். தண்டப்பணம் வைக்கவில்லை. ஒரு ரூபாயாக இருந்தாலும் கடன் என்று ஆகிவிட்டால் அந்தப் பெண் அடுத்த முறை பின்வளவால் போய்விடுவார்.

பழையதாகிக் களைந்த புத்தகங்களைச் சபைத் தீர்மானம் ஒன்றோடு நீலத்துக்கு மாற்றலாம் என்பதும் மிஸ் சொன்னதுதான். அந்தத் தீர்மானம் 2023 தொடக்கத்தில் எப்படியோ வந்துசேர்ந்தது. அந்த மார்ச்சில் நாடு முழுக்க உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை தெரிவான உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள் நடத்தினார்கள். இரண்டு மாதம் பிந்தியிருந்தால் எங்கள் கடிதம் எந்தக் கோவைக்குள் கிடந்திருக்குமோ.

ஐந்து லீற்றர்

2022 ஜனவரியில் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். ஜூன் கடைசியில் பெற்றோலியக் கூட்டுத்தாபன விலை 470. விலை ஒருபுறம் இருக்கட்டும், பெற்றோலே இல்லை. அண்ணன் இரண்டு இரவு வரிசையில் படுத்திருந்து நிரப்பிய பெற்றோலில் புத்தகம் கொண்டுபோகச் சொல்லி எந்த வாயால் கேட்பது? ஓகஸ்டில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை நாடு முழுக்க வந்தது, ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். கிறவல் றோட்டில் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்தாலும் நூறு கிலோமீற்றர்தான். எங்கள் ஒரு சுற்று 50. அவருடைய பிழைப்பில் பாதியை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூன் மாதமே நிறுத்தினோம். நிறுத்துகிறோம் என்று ஊர்களுக்குப் போய்ச் சொல்லவும் இல்லை, அதற்கும் பெற்றோல் வேண்டுமே. இந்தச் சேவையில் நாங்கள் செய்த பெரிய பிழை அதுதான். ஓடாதது பிழையில்லை, யாருக்கும் பெற்றோல் இல்லை என்று ஊருக்கே தெரியும். சொல்லாமல் விட்டதுதான் பிழை. கையில் தொலைபேசி இருந்தது. குடும்பநல மாதுவின் இலக்கமும் இருந்தது. வெட்கத்தில் பேசவில்லை.

ஆறு கிழமை கழித்து மாதுவே எடுத்தார். "உங்கட புத்தகம் பதினேழு என்னட்டக் கிடக்கு, பிள்ளைகள் கொண்டுவந்து தாறாங்க. என்ன செய்ய?" நாங்கள் வராத கிளினிக் நாளுக்கும் அவர்கள் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தது போதாதென்று தங்களுக்குள் மாற்றியும் எடுத்திருக்கிறார்கள். கிளினிக் மேசையின் ஓரத்தில் ஒரு அப்பியாசக் கொப்பியில், யாரோ ஒரு பிள்ளையின் கையெழுத்தில், பெயர்கள்.

அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் பெட்டித் திட்டம் வந்தது. புத்தகம் போகத் தனி வாகனம் தேவையில்லை, அந்தப் பக்கம் போகிற ஏதாவது ஒன்று போதும். காலையில் பால் எடுக்க வருகிற வாகனம் ஒன்று ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. சாரதி சம்மதித்தார். றங்குப்பெட்டி பாரம் என்பதால் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகளுக்கு மாறினோம், பெட்டிக்கு 40 புத்தகம். ஒன்று கிளினிக்கில், ஒன்று பால் சேகரிக்கும் இடத்தில், ஒன்று தையல் தைக்கும் ஒரு அக்காவின் வீட்டில். ஆறு கிழமைக்கு ஒரு தரம் பெட்டிகள் இடம் மாறும்.

வேடிக்கை என்னவென்றால், டிற்கொம்பின் கதை இதற்கு நேர் எதிர். அவர் முதலில் கடைகளிலும் தபாலகங்களிலும் புத்தகப் பெட்டிகளை வைத்து, அது வீடுகளுக்குப் போதுமான அளவு எட்டவில்லை என்று கண்டு வண்டிக்குப் போனார். நாங்கள் வண்டியில் தொடங்கிப் பெட்டிக்கு வந்தோம். இரண்டும் வேண்டும் என்பதுதான் என் முடிவு. பெட்டி வாசகரைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் புது வாசகரைக் கொண்டுவராது. ஆட்டோ வந்து நின்றால்தான் இதுவரை எடுக்காதவர் எட்டிப் பார்ப்பார்.

மூன்று பெட்டிகளில் தையல் அக்காவின் பெட்டி நன்றாக ஓடியது. சட்டை அளவு கொடுக்க வருகிறவர்கள், வாங்க வருகிறவர்கள், அது ஆயத்தமில்லை என்று காத்திருக்கிறவர்கள் என்று நாள் முழுக்க ஆள். யாருக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், சட்டை அளவு தெரிகிற மாதிரி. பால் நிலையப் பெட்டி தோற்றது. அங்கே ஆண்கள் வந்து, பாலை அளந்து, ரசீது வாங்கிப் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். பெட்டியின் மேல் பால் கான் வைக்கப் பழகிவிட்டார்கள். நாலு மாதத்தில் எடுத்துவிட்டோம். மாடு வளர்ப்புப் பற்றிய இரண்டு கையேடுகள் மட்டும் அங்கே காணாமல் போயின, அதை நான் இழப்பில் எழுதவில்லை.

எதை எடுத்தார்கள்

நாங்கள் விரும்பியதை எடுக்கவில்லை. வட்டத்தில் இலக்கியக்காரர்கள் அதிகம், முதல் பெட்டியைப் பார்த்தால் ஒரு பட்டதாரி வகுப்புக்கு அடுக்கியது போல இருக்கும். முதலில் தேடப்பட்டது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. இதைக் கொண்டுபோகலாமா கூடாதா என்று வட்டத்தில் பெரிய சண்டை. வழிகாட்டிப் புத்தகம் நூலகம் ஆகுமா, ரியூஷன் கடைக்கு நாங்கள் ஏன் கூலி இல்லாமல் சுமக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். கடதாசித் தட்டுப்பாட்டில் கொப்பி விலை ஏறிக் கிடந்த அந்த வருடத்தில், அந்தத் தொகுப்பை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை நகரத்துப் பிள்ளையோடு அதே பரீட்சை எழுதுகிறதே என்பது மறுபக்கம். நான் மறுபக்கம். விடையை உள்ளே எழுதக் கூடாது, கொப்பியில் எழுத வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கொண்டுபோனோம். முதல் பிள்ளையே பென்சிலால் உள்ளே எழுதியது. அழித்து அழித்து அந்தத் தாள்கள் துணி மாதிரி ஆகிவிட்டன.

படப் புத்தகங்களில் ஒரு பிரச்சினை. அன்பளிப்பாக வந்தவற்றில் பாதி கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலப் புத்தகங்கள், படங்களில் பனி, கம்பளித் தொப்பி, புகைக்கூண்டு. பிள்ளைகள் பார்த்தன, கேள்வி கேட்கவில்லை. யானை வந்த படம் ஒன்றில் மட்டும் ஒரு சின்னவன், யானை சிரித்துக்கொண்டு பந்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு, "இது பொய்" என்று புத்தகத்தை மூடிவிட்டான். அவனுடைய வீட்டுச் சுவரை யானை உடைத்தது முந்தின மாசி. அவனுக்கு நான் என்ன சொல்ல?

வயதானவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். கண் தெரியாது, பலருக்கு எழுத்தும் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பது புதிதில்லை. கோயிலில் புராணப் படிப்பு உண்டு, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை பாடுவதும் உண்டு. தையல் அக்கா வீட்டில் இது தானாக நடந்தது. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை பின்னேரத்தில் வந்து ஒரு நாவலை உரத்து வாசிக்க, மெசினை நிறுத்திவிட்டு அக்காவும், வெற்றிலை போட்டுக்கொண்டு மூன்று ஆச்சிமாரும் கேட்டார்கள். அத்தியாயம் முடிந்ததும் ஒரு ஆச்சி பாத்திரங்களை ஏசத் தொடங்கிவிடுவார். இரவல் கொப்பியில் இது ஒரே ஒரு வரி: ஒரு புத்தகம், ஒரு வாசகர். எங்களுக்கு உதவி கேட்டு நாங்கள் எழுதிய விண்ணப்பங்களில் பயனாளிகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த வரியை அதற்குள் எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

மழை

ஐப்பசி கடைசியில் வாடைக்காற்று மழை பிடித்தால் தை வரைக்கும் படுவான்கரையில் றோட்டும் வயலும் ஒன்று. குளங்கள் வான் பாயும், தாழ்ந்த பாலங்கள் மூழ்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் கார்த்திகை நடுப்பகுதி முதல் தை நடுப்பகுதி வரை ஆட்டோ ஓடாது என்று இப்போது அட்டவணையிலேயே எழுதியிருக்கிறோம். முதல் வருடம் எழுதாமல் விட்டது போல விடவில்லை. மழைக்கு முன் கடைசிச் சுற்றில் ஆளுக்கு மூன்று புத்தகம்.

ஈரம்தான் இராமபாணப் பூச்சியையும் கறையானையும் விட மோசம். பொலித்தீன் உறை போட்டால் வெளி நனையாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தையல் அக்கா கண்டுபிடித்த வழி எளிது: பழைய சீலைத் துணியில் ஒரு பை, அதற்குள் உமி வறுத்துக் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம், அதைப் பெட்டியின் அடியில். அது ஈரத்தை இழுக்கிறது என்கிறார். பிள்ளைகளோ புத்தகத்தை உரப்பைக்குள் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். முழுப் பிள்ளையும் நனைந்திருக்கும், புத்தகம் காய்ந்திருக்கும்.

இப்போது

கியூஆர் 2023 செப்டெம்பரோடு நின்றது. ஆட்டோ அதற்கு முன்பே மாதம் ஒரு முறை ஓடத் தொடங்கியிருந்தது, இப்போது மாதம் இரண்டு. நிற்கும் இடங்கள் ஆறாக இருந்ததை நாலாகக் குறைத்தோம். விட்ட இரண்டு ஊரும் கோபித்தார்கள், அது நியாயம். ஆனால் ஆறு ஊருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் எப்போதாவது போவதை விட, நாலு ஊருக்குச் சொன்ன நாளில் போவதையே நான் தெரிவு செய்வேன். போகமுடியாவிட்டால் முதல் நாள் மாதுவுக்கும் தையல் அக்காவுக்கும் தொலைபேசி. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் விழா வைத்துத் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்களை, விழாவுக்கான காசில் இரண்டு சுற்றுக்குப் பெற்றோல் அடிக்கச் சொல்லிக் கேட்கிறோம். ஒருவர் அடித்தார்.

அண்ணனுக்கு இப்போது முழுக் கூலி கொடுக்கிறோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அரை விலைக்கு வருகிறவர் நல்ல மனதில் வருகிறார், ஆனால் நல்ல ஹயர் ஒன்று வந்த நாளில் வராமல் விடுவதற்கும் அவருக்கு நியாயம் இருக்கிறது. முழுக் கூலி வாங்குகிற நாளிலிருந்து அவர் ஒரு நாளும் தவறவில்லை, தவிர இரவல் கொப்பியில் என் எழுத்தில் பிழை பிடிக்கவும் தொடங்கிவிட்டார்.

காணாமல் போன நீலப் புத்தகங்களை இந்தத் தை மாதம் மிஸ்ஸோடு உட்கார்ந்து எண்ணினோம். மாட்டுக் கையேடுகளைச் சேர்க்காமல் பதினொன்று. அதில் மூன்று யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், மணம் முடித்து வாகரைக்குப் போன ஒரு பிள்ளை கொண்டுபோய்விட்டாள். கேட்டு அனுப்பவா என்று அவளுடைய தாய் கேட்டார், வேண்டாம் என்றோம்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'கேட்டவை' என்று ஒரு நிரல் இருக்கிறது. கொடுத்தவுடன் கோடு போட்டு வெட்டிவிடுவேன். இன்றைக்கு வெட்டாமல் கிடப்பவை: வீட்டு வயறிங் படிக்க ஒரு புத்தகம், படத்தோடு. ஆடு வளர்ப்பு. சிங்களம் தானாகப் படிக்க. பெரிய எழுத்தில் ஏதாவது, கதை என்றால் நல்லது. தையல் அக்கா கேட்ட, சாரி பிளவுஸ் வெட்டும் வரைபடம். போன கிளினிக் நாளில் ஒரு தாய் கேட்டதற்கு என்ன புத்தகம் என்று தெரியாமல் அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்: "பிள்ளைக்கு அஞ்சு வயசு, இன்னும் பேசுதில்ல, அதுக்கு என்ன செய்யிறதெண்டு எழுதின புத்தகம்." தமிழில் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கிளினிக் இரண்டாம் வியாழன்.